‘ஃபாஸ்ட்’ என்றால் நோன்பா, வேகமா? – ஆங்கிலச் சொல் வகைகளை இனம் காண ஓர் எளிய வழி



நமது மாலை நேர வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள் ஒரு சிறிய வாக்கியத்தை எழுதிப் போட்டோம்: ‘வீ ஃபாஸ்ட் இன் ரமலான்.’ இதில் ‘ஃபாஸ்ட்’ என்பது எந்த வகைச் சொல் என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லோரும் ‘அட்ஜெக்டிவ்’ என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாணவி, “நோட்ஸில் அப்படித்தான் போட்டிருக்கு. ஃபாஸ்ட்னா வேகமான” என்றாள். சரி, இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல் என்றோம். “நாம் ரமலானில் வேகமான...” என்று தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். அந்த ஆண்டு முப்பது நோன்பையும் விடாமல் வைத்த பிள்ளை அவள்.

சிரிப்போடு போகிற விஷயமாக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அதே மாணவியின் தாயார் சில நாட்கள் முன்பு நம்மிடம் வந்து, “இங்கிலீஷ் மட்டும் வரமாட்டேங்குது, பத்தாவதோடு நிறுத்திடலாமான்னு பாக்குறோம்” என்று சொல்லியிருந்தார். தமிழ்நாட்டில் தமிழ்வழியானாலும் ஆங்கிலவழியானாலும் ஆங்கிலம் கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்பில் 35 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. நம் பகுதியில் துறைமுகம், சரக்குப் பெட்டக நிலையம், ஷிப்பிங் அலுவலகம் என்று எங்கே வேலைக்குப் போனாலும் காகிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒரு பாடத்தில் ஏற்படும் பயம் ஒரு பிள்ளையின் படிப்பையே முடித்துவிடக் கூடாது.

அந்தப் பயம் பெரும்பாலும் தொடங்கும் இடம் ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ எனப்படும் சொல் வகைகள். பிள்ளைகள் விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வாக்கியத்தைக் கொடுத்தால் திணறுகிறார்கள். இதற்கு என்ன காரணம், வீட்டிலிருந்தபடியே எப்படிச் சரிசெய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

மூன்று மொழிகள், ஒரே கேள்வி

சொற்களை வகை பிரிப்பது ஆங்கிலேயர் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் தமிழில் தொல்காப்பியமும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலும் சொற்களை நான்காகப் பிரிக்கின்றன: பெயர், வினை, இடை, உரி.

அரபு இலக்கணத்தில் மூன்று: இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் கல்வி கற்ற சீபவைஹி தமது நூலை இந்த மூன்று பிரிவில்தான் தொடங்குகிறார். 1323இல் ஃபெஸ் நகரில் மறைந்த இப்னு ஆஜுர்ரூம் எழுதிய ‘ஆஜுர்ரூமிய்யா’ என்ற சிறு நூல், தொடக்க நிலை மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த நூல் மூன்று வகைகளைச் சொன்னதும் ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும் அடையாளத்தைச் சொல்கிறது. முன்னால் ‘அல்’ வருமா, கடைசியில் தன்வீன் ஏற்குமா, அது இஸ்ம். முன்னால் ‘கத்’ வருமா, அது ஃபிஅல். இந்த அடையாளங்கள் எதையும் ஏற்காதது ஹர்ஃப்.

ஆங்கிலத்தில் எட்டு என்று படிக்கிறோம். இந்த எட்டு பழைய கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீனுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் வந்த கணக்கு. வழியில் சில வகைகள் சேர்ந்தன, சில நீங்கின. 1795இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணம் ஒன்பது என்று சொன்னது. ‘எ, ஆன், த’ ஆகியவற்றை அவர் தனி வகையாக எண்ணினார். ஆகவே ஒரு புத்தகத்தில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது என்று பார்த்தால் பிள்ளைகள் குழம்ப வேண்டாம்.

நமக்கு வேண்டியது ஆஜுர்ரூமிய்யாவின் அணுகுமுறை. விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யாமல் அடையாளத்தைப் பிடிக்க வேண்டும்.

முதல் விதி: வாக்கியம் இல்லாமல் வகை சொல்லாதே

தமிழில் பெரும்பாலான சொற்கள் தம் உருவத்திலேயே வகையைக் காட்டிவிடும். ‘நோன்பு’ பெயர். ‘நோற்றான்’ வினை. ஆங்கிலத்தில் ஒரே சொல் சட்டையை மாற்றாமலே நான்கு வேலை பார்க்கும். ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லையே பாருங்கள்.

‘த ஃபாஸ்ட் பிகின்ஸ் அட் டான்.’ நோன்பு விடியலில் தொடங்குகிறது. இங்கே ‘ஃபாஸ்ட்’ பெயர்ச்சொல், அதாவது நவுன்.

‘வீ ஃபாஸ்ட் இன் ரமலான்.’ நாம் ரமலானில் நோன்பு வைக்கிறோம். இங்கே அது வினைச்சொல், வெர்ப்.

‘இட் இஸ் எ ஃபாஸ்ட் டிரெயின்.’ அது வேகமான ரயில். இங்கே பெயரடை, அட்ஜெக்டிவ்.

‘ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்.’ அவன் வேகமாக ஓடுகிறான். இங்கே வினையடை, அட்வெர்ப்.

ஒரு மனிதர் வீட்டில் தகப்பன், கடையில் முதலாளி, ஜமாஅத்தில் உறுப்பினர். எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் அவர் யாரென்று சொல்கிறோம். சொல்லும் அப்படித்தான். ‘ஃபாஸ்ட் என்ன வகை?’ என்று யாராவது தனியாகக் கேட்டால், ‘எந்த வாக்கியத்தில்?’ என்று திருப்பிக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

வெர்ப்: முதலில் இதைத் தேடுங்கள்

வாக்கியத்தைக் கையில் எடுத்ததும் வினையைக் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை எளியது. வாக்கியத்தின் முன்னால் ‘நேற்று’ என்று போட்டுப் பாருங்கள். எந்தச் சொல் மாறுகிறதோ அதுவே வெர்ப். ‘தே லோட் த லாரி’ என்பது நேற்றைக்கு ‘தே லோடட் த லாரி’ ஆகிறது. ஆகவே இங்கே ‘லோட்’ வினை. ‘த லோட் இஸ் ஹெவி’ என்பதில் ‘இஸ்’ தான் ‘வாஸ்’ ஆகிறது, ‘லோட்’ மாறவில்லை. ஆகவே இங்கே ‘லோட்’ பெயர்.

இந்த ‘இஸ்’ விஷயத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ‘அவர் டாக்டர்’ என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது, வினையே இல்லை. அரபியிலும் இஸ்மைக் கொண்டு தொடங்கும் இத்தகைய வாக்கியத்துக்கு வினை தேவையில்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் முழு வாக்கியம் நிற்காது. அதனால்தான் ‘ஹி டாக்டர்’ என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் போகிறது. அது அறிவுக் குறைவு அல்ல, தாய்மொழியின் பழக்கம். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ என்ற ஐந்தும் வினைகள் என்பதை மட்டும் மனத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் தெருவிலேயே ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ‘சவுண்ட் ஹார்ன்’ என்று எழுதியிருப்பார்கள். ‘சவுண்ட்’ என்றால் சத்தம், ஆகவே பெயர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் அது ‘ஹார்ன் அடி’ என்ற கட்டளை. அங்கே ‘சவுண்ட்’ வினை, ‘ஹார்ன்’ பெயர்.

நவுன், புரோநவுன்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘த’ அல்லது ‘மை’ பொருந்தும். பெரும்பாலானவற்றைப் பன்மையாக்கவும் முடியும். ‘மை ஒர்க்’, ‘த ஷிப்ஸ்’ என்பவை போல. ஆட்கள், இடங்கள், பொருட்கள் மட்டும் பெயர் என்று நினைத்தால் ‘ஹானஸ்டி’, ‘ஹெல்த்’ போன்றவை கைநழுவிப் போகும். நேர்மையும் ஆரோக்கியமும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெயர்ச்சொற்களே.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கல்மண்டபத்தில் ‘கல்’ என்பது மண்டபம் எதனால் ஆனது என்று சொல்கிறது. அதற்காகக் ‘கல்’ பெயர்ச்சொல் இல்லை என்று ஆகிவிடுமா? ஆங்கிலத்திலும் இதே அமைப்பு உண்டு. ‘காசிமேடு ஃபிஷிங் ஹார்பர்’, ‘ஸ்கூல் பேக்’ என்பவற்றில் ‘ஃபிஷிங்’, ‘ஸ்கூல்’ இரண்டும் இன்னொரு பெயருக்கு முன்னால் நின்று அதை விளக்கும் பெயர்கள். ‘வெரி ஸ்கூல்’ என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையான அட்ஜெக்டிவாக இருந்தால் பெரும்பாலும் ‘வெரி’ ஏற்கும்.

பெயருக்குப் பதிலாக வருவது புரோநவுன்: ஐ, வீ, யூ, ஹி, ஷி, இட், தே. இங்கே ‘திஸ்’, ‘தட்’ என்ற இரண்டும் பிள்ளைகளைக் குழப்பும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒரு சாவி இருக்கிறது. தமிழில் ‘இது’, ‘அது’ என்று வந்தால் புரோநவுன். ‘இந்த’, ‘அந்த’ என்று வந்தால் பெயரடை. புதிய புத்தகங்கள் அதையே ‘டிட்டர்மினர்’ என்கின்றன. ‘என்று’ என வந்தால் இணைப்புச்சொல்.

‘தட் இஸ் அவர் போட்’: அது எங்கள் படகு. ‘தட் போட் இஸ் நியூ’: அந்தப் படகு புதியது. ‘ஹி செட் தட் த போட் வாஸ் நியூ’: படகு புதியது என்று சொன்னார். ஒரே ‘தட்’, மூன்று வகை. மூன்றையும் தமிழே பிரித்துக் காட்டிவிட்டது.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப்: ‘ஆன’வும் ‘ஆக’வும்

‘அழகான, வேகமான, சுத்தமான’ என்று ‘ஆன’ வந்தால் அட்ஜெக்டிவ். அது பெயரை விளக்கும். ‘வேகமாக, சுத்தமாக, மெதுவாக’ என்று ‘ஆக’ வந்தால் அட்வெர்ப். அது வினையை விளக்கும். ‘எ ஸ்லோ பஸ்’ மெதுவான பஸ். ‘த பஸ் மூவ்ஸ் ஸ்லோலி’ பஸ் மெதுவாகப் போகிறது.

இந்தச் சாவி ஓரிடத்தில் மட்டும் பூட்டைத் திறக்காது. ‘அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்’ என்பதில் ‘ஆக’ வந்தாலும் ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் ஹாப்பி’ என்றே சொல்ல வேண்டும், ‘ஹாப்பிலி’ தவறு. ‘இஸ், லுக்ஸ், சீம்ஸ், ஃபீல்ஸ்’ போன்றவற்றின் பின்னால் வந்து ஆளின் நிலையைச் சொல்வது அட்ஜெக்டிவ்தான்.

‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் சரி, எப்போதும் சரியல்ல. ‘ஃப்ரெண்ட்லி’ என்பது அட்ஜெக்டிவ். ‘ஹார்ட்’ என்பதற்கு ‘லி’ இல்லாமலே அட்வெர்ப் ஆகும் தகுதி உண்டு. ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார். ‘ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்பது போல! வேலைக்கான விண்ணப்பத்தில் இந்த இரண்டும் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிபோசிஷன், கன்ஜங்ஷன்: பின்னால் என்ன வருகிறது?

தமிழில் ‘வீட்டில்’ என்று உருபு பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘இன் த ஹவுஸ்’ என்று முன்னால் தனியாக நிற்கிறது. இன், ஆன், அட், டு, ஃப்ரம், வித் போன்றவை இப்படிப் பெயருக்கு முன்னால் நிற்கும்போது பிரிபோசிஷன்.

நம் உருபுகளை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் தவறு வரும். ‘படிப்பைப் பற்றிப் பேசினோம்’ என்பதை நினைத்து ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்கு ‘அபவுட்’ தேவையில்லை. ‘அவருடன் திருமணம்’ என்பதை நினைத்து ‘மேரீட் வித் ஹிம்’ என்கிறோம். ‘மேரீட் ஹிம்’ என்பதே சரி.

கன்ஜங்ஷன் சொற்களையோ வாக்கியங்களையோ இணைப்பது. தமிழில் ‘அத்தாவும் அம்மாவும்’ என்று ‘உம்’ இரண்டு முறை ஒட்டும். ஆங்கிலத்தில் நடுவில் ஒரே ஒரு ‘அண்ட்’.

சில சொற்கள் இரண்டு வேலையும் செய்யும். அப்போது பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

‘பிஃபோர் மக்ரிப்’: பின்னால் பெயர் மட்டும் இருக்கிறது. ஆகவே பிரிபோசிஷன்.

‘பிஃபோர் த சன் செட்ஸ்’: பின்னால் வினையோடு ஒரு வாக்கியமே இருக்கிறது. ஆகவே கன்ஜங்ஷன்.

‘ஐ ஹாவ் சீன் ஹிம் பிஃபோர்’: பின்னால் ஒன்றும் இல்லை. ஆகவே அட்வெர்ப்.

எட்டாவது வகையான இன்டர்ஜெக்ஷன் எளிது. நம் ‘ஐயோ’, ‘அடடா’ போல வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியே நின்று உணர்ச்சியைக் காட்டுவது. ‘ஓ!’, ‘ஹுர்ரே!’ என்பவை அந்த வகை.

காதும் உதவும்

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ அன்றாடச் சொற்கள். பெயராக வரும்போது முதல் அசையை அழுத்தியும், வினையாக வரும்போது இரண்டாம் அசையை அழுத்தியும் சொல்ல வேண்டும் என்று அகராதிகள் காட்டுகின்றன. ‘ரெகார்ட்’ என்ற சொல்லும் அப்படியே. எழுத்து ஒன்றுதான், அழுத்தம் வகையைக் காட்டிக் கொடுக்கிறது.

வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம்

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இதை நடத்தலாம். வீட்டிலுள்ள மருந்து பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்று அச்சிட்டிருக்கும். பிள்ளையைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ‘ஷேக்’ குலுக்கு என்ற வினை. ‘வெல்’ நன்றாக, வினையடை. ‘பிஃபோர்’ பிரிபோசிஷன். ‘யூஸ்’ பயன்பாடு, இங்கே பெயர். நான்கு சொல்லில் நான்கு வகை! அதே பாட்டிலில் ‘ஸ்டோர் இன் எ கூல் பிளேஸ்’ என்றும் இருக்கலாம். ‘ஸ்டோர்’ என்றால் கடை என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். இங்கே அது ‘சேமித்து வை’ என்ற வினை.

மூன்று கேள்விகள் போதும். ‘இதைத் தமிழில் சொல்லு.’ ‘நேற்று என்றால் எந்தச் சொல் மாறும்?’ ‘இந்தச் சொல் எந்தச் சொல்லை விளக்குகிறது?’ சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்த வாக்கியத்தைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு முக்கியமான வேண்டுகோள்: தவறாகச் சொன்னால் மற்றவர்கள் முன் கேலி செய்யாதீர்கள். ஆங்கிலத்தைக் கண்டு வாய் மூடிக்கொள்ளும் பல பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் ஒரு கேலியில்தான் தொடங்கியிருக்கிறது.

செய்து பாருங்கள்

கீழுள்ள ஒவ்வொரு வரியிலும் முதலில் சொல்லப்பட்ட சொல்லின் வகை என்ன?

1. ‘வாட்டர்’ – ஷி வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ்.
2. ‘ஒர்க்’ – மை ஒர்க் இஸ் ஓவர்.
3. ‘திஸ்’ – திஸ் ஸ்ட்ரீட் இஸ் நேரோ.
4. ‘ஆஃப்டர்’ – வீ ஈட் ஆஃப்டர் மக்ரிப்.
5. ‘இன்’ – பிளீஸ் கம் இன்.
6. ‘ஃபிஷிங்’ – தே ஆர் ஃபிஷிங் நவ்.

விடைகள்: 1. வெர்ப், நேற்று என்றால் ‘வாட்டர்டு’ ஆகும். 2. நவுன்; முன்னால் ‘மை’ இருக்கிறது. 3. ‘இந்தத் தெரு’ என்பதால் பெயரடை, அல்லது டிட்டர்மினர். 4. பிரிபோசிஷன், பின்னால் பெயர் மட்டும். 5. அட்வெர்ப், பின்னால் ஒன்றும் இல்லை. 6. ‘ஆர் ஃபிஷிங்’ சேர்ந்து வெர்ப், மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சொன்ன மாணவி இப்போதும் நம் வகுப்புக்கு வருகிறாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. “எந்த வாக்கியத்தில்?” என்றுதான் முதலில் கேட்கிறாள். பத்தாவதோடு நிறுத்துவது பற்றி அந்தத் தாயார் இப்போது பேசுவதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் ‘வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தமிழ் வந்த பிள்ளைக்கு, உர்தூ வந்த பிள்ளைக்கு, குர்ஆனை ஓதப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு மொழியும் வரும். பயத்தை எடுத்துவிட்டு அடையாளத்தைக் காட்டிக் கொடுப்பது நம் கடமை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன்.